பேர் போன புயல்

புயல் வலுவிழந்தது என்று தொலைக்காட்சியில் யாராவது வாசித்தால் என் வீட்டுக்காரர் ஜெயபால் உடனே சேனலை மாற்றிவிடுவார். செய்தி பிடிக்காததால் அல்ல, நான் பேச ஆரம்பித்துவிடுவேன் என்ற பயத்தால். முப்பத்து நான்கு வருடத் திருமண வாழ்க்கையில் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட முன்னெச்சரிக்கை அது ஒன்றுதான்.

செகந்திராபாத்தில் எங்கள் தமிழர் சங்கத்து ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் மென்பொருள் வேலைக்காக இங்கே வந்த சின்ன வயசுக்காரர்கள். "உற்சாகமூட்டுவதாக இருக்கட்டும் ஆன்ட்டி, மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம்" என்றார்கள். இரண்டுக்கும் என்னால் உத்தரவாதம் தர இயலாது. ஆனால் கட்டுரையில் சேனலை மாற்ற வழியில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அரசு வானிலை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். பயிற்சிக் காலத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். முதல் வருடம், ஓர் ஊரின் காற்று, அழுத்தம், மேகம், வெப்பம் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஒரு கடுகளவு வட்டத்தைச் சுற்றி இரண்டு மை நிறத்தில் எழுதக் கற்றேன். இரண்டாம் வருடம், அந்த வட்டங்களுக்கு நடுவே பென்சிலால் சம அழுத்தக் கோடு இழுக்கக் கற்றேன். மூன்றாம் வருடம், மழையை நாங்கள் பெய்விப்பதில்லை என்று உறவினர்களுக்கு விளக்கக் கற்றேன். முதல் இரண்டில் தேர்ச்சி பெற்றேன்.

வரைபடத்தைக் கணினியே வரைந்துகொள்ளும் என்று ஆனபோது விருப்ப ஓய்வு வாங்கினேன். ஊருக்கு மேற்கே மாதாப்பூரில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டிடம் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்படி ஒன்றின் நான்காவது மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்றாவது மாடியில் அமெரிக்க நோயாளிகளின் காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்த்தார்கள். ஐந்தாவது மாடியில் யாரோ ஆங்கிலேயரின் தொலைபேசிப் புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாங்கள், வட பசிபிக் கடலில் போகும் கப்பல்களுக்குப் புயல் ஆலோசனை சொன்னோம். கடலைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்து கொண்டு.

எங்கள் மேலாளர் செந்தில்நாதன் ஈரோட்டுக்காரர். என்னைவிடப் பதினேழு வயது இளையவர். அதற்கு முன் வங்கி மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினால் அதனிடமும் "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றுதான் கேட்பார். அவருடைய கண்ணாடி அறைக்குள் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் மூன்று எண்கள்: திறந்தவை, மூடியவை, மூடியபின் மறுபடி திறந்தவை. மூன்றாவது எண் பதினான்கு மாதமாகப் பூஜ்யம். தினமும் காலையில் வந்ததும் அந்தப் பூஜ்யத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பூஜ்யம் போடுவார். பச்சை நிறத்தில், வட்டம் கோணாமல்.

திறப்பதும் மூடுவதும் என்ன என்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் எல்லாமே டிக்கெட். ஏ.சி. ஓடவில்லையா, டிக்கெட் போடு. காபி இயந்திரத்தில் சர்க்கரை வரவில்லையா, டிக்கெட் போடு. அதே முறையைப் புயலுக்கும் வைத்திருந்தார்கள். ஒரு கப்பலின் வழியில் ஒரு புயல் வந்தால் அது ஒரு டிக்கெட். புயல் முடிந்தால் டிக்கெட்டை மூட வேண்டும். முடிந்ததை யார் சொல்வது? வெளிநாட்டு வானிலை நிலையங்கள் வெளியிடும் அறிக்கையை எங்கள் மென்பொருள் படிக்கும். "வெப்பமண்டலப் புயல்" என்ற சொல் அறிக்கையிலிருந்து போய்விட்டால், புயல் தீர்ந்தது என்று அதுவே முடிவு செய்து டிக்கெட்டை மூடிவிடும். கூடவே கப்பல் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல்: உங்கள் புயல் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்.

இதில் உள்ள கோளாறு என்னவென்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொன்னேன். செந்தில்நாதன் குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்தார்.

கோளாறு இதுதான். வெப்பக் கடலில் பிறக்கும் புயல் உருண்டையானது, கச்சிதமானது. நடுவில் ஒரு கண், அதைச் சுற்றி மேகச் சுவர், உள்ளே அடி முதல் உச்சி வரை வெதுவெதுப்பு. கடலின் சூடு ஒன்றே அதன் சாப்பாடு. அது வடக்கே ஏறி முப்பது, முப்பத்தைந்து டிகிரி அட்சரேகையைத் தாண்டும்போது கீழே கடல் குளிர்ந்துவிடும். மேலே மேற்கிலிருந்து ஓடும் காற்று அதைப் பிடித்து வடகிழக்கே இழுக்கும். ஒரு பக்கமாக வறண்ட குளிர்காற்று உள்ளே புகும். கண் மூடிவிடும். மேகமும் மழையும் வடக்குப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள, தெற்குப் பக்கம் வெறிச்சென்று தெரியும். செயற்கைக்கோள் படத்தில் வட்டம் போய்க் காற்புள்ளி வந்துவிடும். பார்க்கிறவர்கள் கதை முடிந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் அது சாப்பாட்டைத்தான் மாற்றிக்கொண்டது. இனி சூடு வேண்டாம், சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசமே போதும். நடுவில் காற்று கொஞ்சம் குறையலாம். ஆனால் காற்று வீசும் பரப்பு இரண்டு மூன்று மடங்காக விரியும், நகரும் வேகம் கூடும். சில நாள் கழித்து மறுபடி பலமாகிவிடுவதும் உண்டு. ஆனாலும் வெப்பமண்டலப் புயல் என்ற பதவி போய்விட்டது, அதோடு அதற்கு வைத்த பேரும்.

குகட்பள்ளி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் யாரையாவது பார்த்திருந்தால் உங்களுக்கு இது எளிதில் புரியும். பதவியில் இருந்தபோது ஓர் அறைக்குள் மட்டும் சத்தம் போட்டவர், ஓய்வுக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி, பூங்கா, பிள்ளையார் பந்தல், லிஃப்ட் என்று எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை முடிந்துபோனவர் என்று எந்த மென்பொருளும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஓர் அக்டோபர் மாதக் காலை. ஆறு மணிப் பணிக்கு வந்து உட்கார்ந்து முதல் மின்னஞ்சலைத் திறந்தேன். கனடாவிலிருந்து ஜப்பானுக்கு மரக்கட்டை ஏற்றிப் போகும் கப்பலின் தலைவர் எழுதியிருந்தார். "புயலைத் தீர்த்து வைத்ததற்கு நன்றி. பழைய வழிக்குத் திரும்புகிறேன்." கீழே எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம்.

இருபத்தாறு வருட அரசுப் பணியில் புயலைத் தீர்த்து வைத்ததாக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. அதனால் பயந்துபோய்ப் படத்தைத் திறந்தேன். ஜப்பானை உரசிக்கொண்டு திரும்பிய சூறாவளி, காற்புள்ளியாக மாறி, வடகிழக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேற்கே ஒரு பெரிய குளிர்காற்றுப் பள்ளம், அதைத் தூக்கிவிடக் கைநீட்டுவதுபோல் நின்றது. கப்பல் நான்கு நாளாக நாங்கள் சொன்னபடி தெற்கே முப்பத்தைந்து டிகிரியில் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது எங்கள் மின்னஞ்சலை நம்பி வடமேற்கே திரும்பிவிட்டது. புயலின் பாதை, கப்பலின் பாதை இரண்டையும் பென்சிலால் நீட்டிப் பார்த்தேன். முப்பது மணி நேரத்தில் சந்திக்கும். கப்பலில் இருபத்திரண்டு பேர். மேல்தளம் முழுக்க மரக்கட்டை, அதைக் கட்டியிருப்பது சங்கிலி.

மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வினோத் ஏழு மணிக்கு வந்தான். செகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறை. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இந்த ஊர் உருதும் ஆங்கிலமும் கலந்து வரும்.

"வினோத், இந்த டிக்கெட்டைத் திறந்து கொடு."

"ரீஓப்பனா? நக்கோ மேடம், வேணாம்."

"ஏன்?"

"கைக்குன்னா... ஏன்னா, பாஸ் அப்ரூவல் வேணும். அப்புறம் ரீஸன் செலக்ட் பண்ணணும்."

காரணங்களின் பட்டியலைக் காட்டினான். வாடிக்கையாளர் புகார். இரட்டைப் பதிவு. எழுத்துப் பிழை. இதர. "இதர" என்பதை அழுத்தினால் வேலை செய்யவில்லை.

"புயல் இன்னும் இருக்கிறதுன்னு ஒரு காரணம் போடலையா?"

அவன் யோசித்துவிட்டு, "யாரும் கேக்கலை மேடம்" என்றான்.

செந்தில்நாதன் ஒன்பது மணிக்கு வந்தார். பூஜ்யம் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"சார், மூடின புயல் ஒன்று மூடலை."

"உட்காருங்க மேடம். அறிக்கையில என்ன போட்டிருக்குதுங்க?"

"வெப்பமண்டலப் புயல் இல்லைன்னு போட்டிருக்கு. புயலே இல்லைன்னு போடலை."

"நம்ம ஒப்பந்தத்துல வெப்பமண்டலப் புயல்னுதானுங்க இருக்குது."

"கப்பல் ஒப்பந்தத்துல மிதக்கலை சார். கடல்ல மிதக்குது."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "புரியுதுங்க மேடம். ஆனா ஒண்ணை மூடி மறுபடி திறந்தா, மொதல்ல மூடுனது தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரிங்க. வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்ல வாடிக்கையாளரு பாப்பாருங்க. புதுசா ஒரு புயல் வந்தா புதுசா ஒரு டிக்கெட் போடுங்க, நான் வேண்டாங்கல. பழசைத் திறக்காதீங்க. புரோசஸ்னு ஒண்ணு இருக்குதுங்களே."

எல்லா விதியையும் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் அறியாமலேயே அதில் எனக்கு வழிவிட்டிருந்தார். நேராக வினோத்திடம் போனேன்.

"புது டிக்கெட் போடு."

தட்டினான். நின்றான். "பேர் கேக்குது மேடம்."

"அதுக்குப் பேர் கிடையாது. பேர் போயிட்டு. அதான் விஷயமே."

"காலியா விட்டா சிஸ்டம் போகாது. மேண்டேட்டரி."

"பழைய பேரையே போடு."

"அது குளோஸ்ட் லிஸ்ட்ல இருக்கு. எடுக்காது. புதுசா சொல்லுங்க, ஏழு லெட்டருக்குள்ள."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கண்ணாடி அறையில் மேலாளர் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செந்தில்னு போடு" என்றேன்.

வினோத் என்னைப் பார்த்தான். அறையைப் பார்த்தான். விரல்விட்டு ஆங்கில எழுத்தை எண்ணினான். "ஏழுதான்" என்றான். அழுத்திவிட்டான்.

அறிக்கையை நானே எழுதினேன். அரசுப் பணியில் பழகிய நடைதான், ஒரு சொல் கூடவில்லை. செந்தில் வடகிழக்கு நோக்கி மிக வேகமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. மையத்தில் காற்று சற்றுக் குறைந்திருப்பதை நம்ப வேண்டாம். செந்திலின் பரப்பு விரிவடைந்து வருகிறது. செந்திலின் தென்கிழக்குப் பக்கம் மிக மோசமானது. செந்தில் மறுபடி பலமடைய வாய்ப்புண்டு. கப்பல் உடனே தெற்கே திரும்பி, முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் பதிலில்லை. கப்பல் இருக்குமிடத்தைக் காட்டும் புள்ளி வடமேற்காகவே நகர்ந்தது. என் வேலையில் நெஞ்சு அடித்துக்கொள்வது அந்தப் புள்ளிக்காக மட்டும்தான். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அங்கே எத்தனையோ மைல் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு உதவிமையத் தொலைபேசி அடித்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு இடைவெளி.

ஆங்கிலத்தில் தொடங்கினார். "இந்தச் செந்தில் யார்?" என்று கேட்டார். நான் மூச்சை இழுப்பதற்குள் தமிழுக்கு வந்துவிட்டார்.

"இல்ல, பேரப் பாத்துட்டுக் கேக்கேன். அங்க நம்ம ஆளு யாரும் இருக்கீயளா?"

"இருக்கேன். ஹெப்சிபா. எங்களுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம்."

"நான் தூத்துக்குடி அக்கா. மைக்கேல். நல்லதாப் போச்சு. காலைல புயல் முடிஞ்சிட்டுன்னு மெயில் அனுப்புதீய. இப்ப புதுசா ஒண்ணு வருதுங்கீய. அந்த மெயில அழிக்கத்தான் போனேன். பேரப் பாத்ததும்தான் கை நின்னுட்டு. ஒரே கடல்ல ஒரே நாள்ல ரெண்டா?"

"ரெண்டு இல்ல தம்பி. ஒண்ணுதான். பேரு போயிட்டு, ஆளு போகல."

"இங்க வெயில் அடிக்கிக்கா. காத்தே இல்ல."

"இன்னும் எத்தன மணி நேரத்துக்குன்னு கேளுங்க."

"எத்தன மணி நேரத்துக்கு?"

"நீங்க இதே மாதிரி போனா நாளைக்குக் காலைல வரைக்கும். அழுத்தமானியப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"பாக்கேன். கொஞ்சம் எறங்குது."

"முன்ன புயல்னா மையத்துல இருந்து நூத்தம்பது மைல் தள்ளி நின்னாப் போதும். இப்ப நானூறு மைல் தள்ளி நின்னாலும் அடிக்கும். முன்ன அது சைக்கிள் வேகத்துல வந்துச்சு. இப்ப பஸ் வேகத்துல வருது. மேகத்தப் பாத்து ஏமாறாதீங்க. மேகம் வடக்க இருக்கும், காத்து தெக்க இருக்கும்."

"தெக்கத்தான என்னயப் போகச் சொல்லுதீய."

"தெக்க, நானூறு மைலுக்கு அந்தப் பக்கம்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "முதலாளி கேப்பாரு அக்கா. நாலு நாளு சுத்திட்டு, இப்ப மறுபடியும் ரெண்டு நாளு சுத்தணும். வெயிலு அடிக்கையில ஏன் திரும்புனன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"செந்தில் வாராருன்னு சொல்லுங்க. மிச்சத்த நான் எழுதித் தாரேன்."

பத்து நிமிடத்தில் புள்ளி தெற்கே திரும்பியது.

சிங்கப்பூரிலிருந்து அன்று மதியம் செந்தில்நாதனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "செந்தில் இன்னும் விரிவடைகிறதா என்று உறுதி செய்யவும்." அதற்குள் நான்காவது மாடி முழுக்கச் செய்தி பரவியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் இன்னொரு சப்பாத்தி எடுத்தபோது யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள்.

என் மேசைக்கு வந்து நின்றார். "ஏனுங்க மேடம், என்ற பேரை எதுக்குங்க வெச்சீங்க?"

"பேர் கட்டாயம்னு உங்க படிவம் கேட்டுச்சு சார்."

"உங்க பேரையே வெச்சிருக்கலாமுங்களே."

"ஆங்கிலத்துல எட்டு எழுத்து. கட்டத்துல ஏழுதான் கொள்ளும்."

அவர் அதை மனதுக்குள் எண்ணிச் சரிபார்த்தார். சரியாக இருந்ததால் தலையாட்டினார். எந்தக் குற்றச்சாட்டையும் கணக்குச் சரியாக இருந்தால் கைவிட்டுவிடுவார், அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம். போகும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அது மெய்யாலுமே இருக்குதுங்களா?"

படத்தைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காற்புள்ளியின் வால் எங்கே, வறண்ட காற்று எந்த வழியாக நுழைகிறது, கோடுகள் ஏன் தெற்கே நெருங்கி நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முக்கால் மணி நேரம் இருந்தார். அவ்வளவு நேரம் அவர் தன் அறைக்கு வெளியே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்து எங்கள் தொழிலின் சாபம் வந்து சேர்ந்தது. கப்பல் பத்திரமாக இருந்தது. பத்திரமாக இருந்ததுதான் புகார். சிங்கப்பூர் அதிகாரி ஒலிபெருக்கித் தொலைபேசியில் கேட்டார்: கப்பல் கண்ட காற்று சாதாரணம், வானம் தெளிவு, இரண்டு நாள் தாமதம், உங்கள் பதிவிலேயே புயல் மூடப்பட்டிருக்கிறது, பிறகு எதற்குத் திருப்பினீர்கள்? குடை பிடித்தவன் நனையவில்லை என்பதால் மழையே பெய்யவில்லை என்று சாதிக்கும் கேள்வி. இதற்கு வானிலைக்காரர்களிடம் நல்ல பதில் கிடையாது. சரியாகச் சொன்னோம் என்று நிரூபிக்க யாராவது மூழ்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருந்தது இரண்டு தாள். ஒன்று, மைக்கேல் தொலைபேசியில் சொன்னதை நான் எழுதி வைத்தது. "காத்து இல்லக்கா. ஆனா வடக்க இருந்து அலை வந்திச்சு பாருங்க, ஒவ்வொண்ணும் மச்சு வீடு ஒசரம். நாள் பூரா வந்திச்சு. சமையக்காரன் சாம்பாரத் தூக்கிட்டு சுவரோட நடந்தான். இங்கனயே இப்படின்னா, அங்கன என்னமா இருந்திருக்கும்னு பயலுவ யாரும் பேசல." இன்னொன்று, அவர் போகவிருந்த பழைய வழியில் போன, எங்களிடம் ஆலோசனை கேட்காத வேறொரு கப்பல் வானிலை நிலையத்துக்கு அனுப்பிய காற்றளவு. அந்தக் கப்பல் பிறகு இரண்டு நாள் எதையும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள், துறைமுகம் நோக்கிப் போகிறோம் என்று ஒரு வரி அனுப்பியது.

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில்நாதன் பேசினார். தன் வழக்கமான தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில்: "புயல் இருந்தது. எங்கள் பதிவுதான் தவறு." இரண்டாவது தாளை வரி வரியாக வாசித்தார். எதிர்முனை ஏதோ பட்டியலைப் புரட்டியது. பிறகு, அந்த இரண்டாவது கப்பலும் தங்களுடையதுதான் என்றது.

கூட்டம் முடிந்ததும் தன் அறைக்குப் போய்ப் பூஜ்யத்தைத் துடைத்தார். ஒன்று என்று போட்டார். அதையும் பச்சை நிறத்தில்தான் போட்டார்.

தவறு நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதை நாங்கள் சேர்ந்து நிரப்பினோம்.

"மூல காரணம் என்னங்க போடறது?"

"அட்சரேகை."

போட்டார். "மறுபடி நடக்காம இருக்க நடவடிக்கைங்க?"

"ஜப்பானைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தானே ஒரு வரி தட்டினார்: வெப்பமண்டலம் தாண்டிய எந்தப் புயலையும் மூடுமுன் ஹெப்சிபா மேடத்தைக் கேட்கவும். சிங்கப்பூர் அதை அப்படியே ஏற்று, செயல்முறை ஆவணத்தில் சேர்த்துக் கையெழுத்திட்டது.

அந்த ஆவணத்தை மாற்ற வேண்டுமானால் மூன்று நாடுகளில் மூன்று பேர் ஒப்ப வேண்டும். செந்தில்நாதன் வேறு கம்பெனிக்குப் போனார். வினோத் கனடா போனான். நான் ஓய்வு பெற்றேன், மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். ஆவணத்தை யாரும் மாற்றவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, என்னை நேரில் பார்த்தே இராத யாராவது ஒருவர், விதிப்படி என்னைக் கூப்பிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் போதகரின் பிரசங்கத்துக்கு நடுவே கைப்பேசி அதிர்ந்தது. கடைசி வரிசையில் குனிந்து எடுத்தேன்.

"மேடம், குளோஸ் பண்ணிடலாமா?" ஒரு பெண் குரல்.

"எங்க நிக்குது?"

"நாற்பத்தொன்று வடக்கு."

"படத்துல தெற்குப் பக்கம் வெறிச்சுன்னு இருக்கா?"

"ஆமா மேடம். அதான் முடிஞ்சிருச்சேன்னு."

பிரசங்கம் ஒரு நொடி நின்ற இடத்தில், நான் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "மூடாதீங்க. இன்னும் வருது."

காற்றில் படபடத்துக்கொண்டிருந்த கதவைச் சாத்தப் போன சபை ஊழியர் கையை எடுத்தார். இரண்டு கதவையும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று தெருவை எட்டிப் பார்த்தார்.